சுவருக்குள் நாற்பது குடம்

பத்தடிக்குப் பத்தடியில் ஓர் அறை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். அதில் மூன்றடி உயரத்துக்கு வெள்ளம் ஏறி, இரண்டு நாள் நின்று வடிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். வாசலுக்கு விட்ட இடம் போக, நனைந்த சுவரின் கன அளவு ஏறத்தாழ 83 கன அடி; எடை 4,200 கிலோவுக்குக் குறையாது. நல்ல செங்கல்கூடத் தன் எடையில் 15 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கும். சாதாரண வகைச் செங்கலுக்கு 20 சதவீதம் வரை இந்தியத் தர நிர்ணயமே இடம் கொடுக்கிறது. 15 சதவீதக் கணக்கையே வைத்துக்கொண்டாலும் அந்த ஒற்றை அறையின் சுவர்களுக்குள் 630 லிட்டர் தண்ணீர் புகுந்திருக்கும். பதினைந்து லிட்டர் குடத்தால் அளந்தால் நாற்பது குடத்துக்கு மேல். வீட்டுக்காரர் சேற்றை வாரிப் போட்டு, தரையைக் கழுவி, பாயையும் தலையணையையும் வெளியே உலர்த்திவிட்டு, தண்ணீர் போய்விட்டது என்று பெருமூச்சு விடுவார். போனது தரையில் நின்ற தண்ணீர் மட்டும்தான். நாற்பது குடம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. அது வெளியேற எடுத்துக்கொள்ளும் மாதங்களில்தான் வீட்டுக்கு நேரும் சேதத்தின் பெரும்பகுதி நடக்கிறது. நிவாரணமும், காப்பீடும், வீட்டைச் சீக்கிரம் பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்ற நம் அவசரமும் இந்த மாதங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதே என் வாதம்.

சுவர் தண்ணீரைக் குடிப்பது வேகமாகவும் விடுவது மெதுவாகவும் நடப்பதற்குக் காரணம் செங்கலின் உள்ளமைப்பு. சூளையில் வெந்த களிமண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அந்தத் துளைகள் தண்ணீரை இழுக்கின்றன. துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு வலுவாக இழுக்கும். அதனால்தான் வெள்ளம் மூன்றடி நின்றால் ஈரம் நான்கடியில் தெரிகிறது. காயும்போது இந்தக் கதை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் உள்ளிருக்கும் நீரை அதே துளைகள் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அது அங்கிருந்தே ஆவியாகிறது, சுவர் வேகமாகக் காய்வது போலத் தோன்றுகிறது. ஒரு கட்டத்தில் அந்த நீர்த்தொடர் அறுந்துவிடும். அதன் பிறகு ஆவியாவது சுவரின் உள்ளே நடக்கிறது. அந்த ஆவி வளைந்து நெளிந்த துளைகள் வழியே வெளியே கசிந்து வரவேண்டும். இதுதான் நீண்ட கட்டம். மேல்பூச்சு வெளுத்துவிட்டிருக்கும், கை வைத்தால் ஈரம் ஒட்டாது, உள்ளேயோ பாதித் தண்ணீர் அப்படியே இருக்கும். நெல் காயவைப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. களத்தில் போட்ட நெல் உமி மேலே மொரமொரவென்று இருக்கும். கடித்துப் பார்த்தால் அரிசி பதமாக இருக்கும். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் என்று வரம்பு வைத்து மீட்டரில் அளப்பது, கையும் கண்ணும் இதில் ஏமாறும் என்பதால்தான்.

நம் வெயிலுக்குச் சுவர் எம்மாத்திரம், ஒரு வாரத்தில் காய்ந்துவிடும் என்று சொல்லலாம். வெயிலின் வலு பெரிதுதான். ஆனால் நம் ஊரில் வெள்ளம் சித்திரையில் வருவதில்லை, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிறது. 30 டிகிரி செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதம் இருந்தால் அதில் 25 கிராமுக்கு மேல் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். மிச்சமிருக்கும் இடம் நாலரை கிராம். அந்த நாலரை கிராம் இடத்தைக் கொண்டு 630 லிட்டரை வெளியேற்ற வேண்டுமானால் 1,40,000 கன மீட்டர் காற்று அந்தச் சுவரைத் தொட்டுச் செல்ல வேண்டும். அதாவது அறை கொள்ளும் காற்று ஐயாயிரம் முறை முழுதாக மாற வேண்டும், ஒவ்வொரு முறையும் காற்று நிரம்பிய வயிற்றோடு வெளியேற வேண்டும். நடைமுறையில் பாதிகூட நிரம்பாது. வெப்பக் கணக்கும் இதே கதைதான். அவ்வளவு நீரை ஆவியாக்கத் தேவைப்படும் ஆற்றலை மின்சாரக் கணக்கில் சொன்னால் 425 யூனிட். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 100 யூனிட். இந்த ஆற்றலைச் சுவர் சுற்றுப்புறத்திடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் வாங்கியாக வேண்டும். பிரிட்டனில் கட்டட வேலைக்காரர்கள் ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்று கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே அவ்வளவு ஆகாது என்றாலும், கார்த்திகையில் நனைந்த ஒன்பது அங்குலச் சுவர் கோடை பிறக்கும் வரை முழுதாகக் காய்ந்திருக்காது என்று எதிர்பார்ப்பதே நியாயம்.

சுவரின் கடிகாரம் இப்படி மெதுவாக ஓடும்போது, அதற்குள் வேறு சில கடிகாரங்கள் வேகமாக ஓடுகின்றன. முதலாவது பூஞ்சாணம். அதன் வித்துகள் எப்போதும் காற்றில் இருப்பவை. ஈரமும் சாப்பிட ஏதேனும் கரிமப் பொருளும் கிடைத்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் முளைக்கத் தொடங்கும். பஞ்சு மெத்தை, அட்டைப்பெட்டி, பிளைவுட் அலமாரி, பிள்ளைகளின் பாடப்புத்தகம் எல்லாம் அதற்கு விருந்து. நீர்ச்சேதச் சீரமைப்பு என்பதே தனித் தொழிலாக வளர்ந்துள்ள அமெரிக்காவில், வீட்டுக்குள் புகுந்த நீரை அதன் தூய்மையைக் கொண்டு மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்: குடிநீர்க் குழாயிலிருந்து வந்தது, சலவை நீர் போல ஓரளவு அழுக்கானது, கழிவுநீர் கலந்தது. வெளியிலிருந்து வந்த வெள்ளநீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் மூன்றாவது வகையில்தான் சேரும். செப்டிக் டேங்க், மாட்டுக்கொட்டகை, வயலில் தெளித்த மருந்து எல்லாவற்றையும் தொட்டுத்தான் அது வருகிறது. அங்குள்ள முறையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டின் உள்சுவர் பெரும்பாலும் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும். நனைந்த பலகையை அறுத்தெறிந்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் இயந்திரங்களைச் சில நாள் ஓட்டிவிட்டுப் புதுப் பலகை அடித்தால் வேலை முடிந்தது. செங்கல் சுவரை அறுத்தெறிய முடியாது. இயந்திரம் ஓட்ட மின்சாரமும் வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப்போட்டபோது, பல கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. நம்மிடம் உள்ள உலர்த்தும் இயந்திரம் திறந்த ஜன்னலும் காலமும்தான்.

இரண்டாவது கடிகாரம் உப்பு. மண்ணிலும் செங்கலிலும் சிமெண்டிலும் உள்ள உப்புகள் வெள்ளநீரில் கரைந்து, நீர் மேற்பரப்புக்கு வரும்போது கூடவே வருகின்றன. நீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. சுவரின் மேல் வெள்ளையாகப் பூத்தால் துடைத்துவிடலாம்; பூச்சுக்குப் பின்னால், துளைகளுக்குள்ளேயே படிகமானால்தான் ஆபத்து. சோடியம் சல்பேட் என்ற உப்பு காய்ந்த நிலையிலிருந்து நீர் சேர்ந்த நிலைக்கு மாறும்போது அதன் கன அளவு மூன்று மடங்குக்கு மேல் பெருகும். ஒவ்வொரு மழைக்கும் இப்படி விரிந்து சுருங்கும் படிகங்கள் உள்ளிருந்து சுவரை நெம்புகின்றன. பூச்சு பொரிந்து உதிர்கிறது. ஓதம் ஏறிய சுவர் என்று நாம் சொல்வதன் உள்கதை இதுதான். மூன்றாவது கடிகாரம் கம்பி. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பைக் காப்பது அதைச் சுற்றியுள்ள காரத்தன்மை. ஈரமும் காற்றும் உப்பும் அங்கே போய்ச் சேர்ந்தால் அந்தக் காப்பு உடைகிறது. துரு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடமில்லாதபோது கான்கிரீட்டைப் பிளந்து இடம் பிடிக்கும். வெள்ளம் வந்து மூன்றாண்டு கழித்துத் தூணில் நீளவாக்கில் ஓடும் வெடிப்பை யாரும் அந்த வெள்ளத்தோடு சேர்த்துப் பேசுவதில்லை.

இதில் நம் வழக்கமும் ஒரு பங்கு வகிக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் தை பிறந்துவிடுகிறது. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தாக வேண்டும். கார்த்திகை வெள்ளத்துக்கும் தைக்கும் இடையில் இருப்பது ஆறேழு வாரம். பழைய காலத்தில் அடித்தது சுண்ணாம்பு. அது காரம் மிகுந்தது, பூஞ்சாணத்தைச் சுடும். துளைகளை அடைக்காது, சுவரின் ஈரம் அதன் வழியே தொடர்ந்து வெளியேறும். ஈரச் சுவரில் அடிப்பதற்கு அதைவிடப் பொருத்தமான பூச்சு கிடையாது. இன்று அந்த இடத்தில் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதன் மேல் எமல்ஷன் ஏற்றுகிறோம். சிலர் ஓதம் தெரியாமல் இருக்க மூன்றடிக்குச் சுவரில் டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். நாற்பது குடத்தை உள்ளே வைத்து மூடி போடும் வேலை இது. மூடிய பக்கம் வெளியேற முடியாத ஈரம், மூடாத பக்கத்துக்கோ இன்னும் மேலேயோ போகும். டைல்ஸுக்கு மேலே நாலாவது அடியில் பெயிண்ட் கொப்பளிப்பதைப் பார்த்திருப்போம். கொத்தனார் வேலையில் குறை சொல்லி, அடுத்த ஆண்டு மறுபடி பட்டி பார்ப்போம். வெள்ளம் புகுந்த வீட்டில் முதலில் செய்ய வேண்டியது கட்டுவதல்ல, திறப்பது. நனைந்த உயரம் வரை கெட்டுப்போன பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கலைக் காற்றுக்குக் காட்டி, ஒரு கோடையையாவது அதற்குக் கொடுக்க வேண்டும்.

புதுக்கோட்டைச் சீமையின் குளத்தூர் போன்ற ஊருக்கு இதெல்லாம் எதற்கு, மழைக்கு ஏங்கும் வறண்ட பூமிதானே என்ற கேள்வி இங்கே எழும். புதுக்கோட்டை மாவட்டத்தின் குளத்தூர் வட்டத்தில் வற்றாத ஆறு எதுவும் இல்லை என்பது உண்மை. ஆனால் வறண்ட ஊர் என்பதால் வெள்ளம் வராது என்பது தர்க்கப் பிழை. நார்த்தாமலை, குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கருங்கல் குன்றுகள் மேல் விழும் மழை மண்ணில் இறங்காது. விழுந்த வேகத்தில் ஓடிவரும். அந்த ஓட்டத்தைப் பிடித்து வைக்கத்தான் இந்தச் சீமையில் குளமும் கண்மாயும் ஏந்தலும் ஊருணியுமாக ஆயிரக்கணக்கில் வெட்டினார்கள். ஊர்ப் பெயரிலேயே குளம் இருக்கிறது. குளத்தூர் வட்டத்தில் பிறந்து பாக் நீரிணையில் கலக்கும் அக்னியாறு, மழை பெய்தால் மட்டும் ஓடும் ஆறு. இந்தக் கண்மாய்கள் தனித்தனியானவை அல்ல. மேலக் கண்மாய் கலிங்கு வழியே மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழக் கண்மாய்க்கு வரும். வரத்து வாய்க்கால் தூர்ந்து, கலிங்கு அடைபட்டு, மேலே ஓர் இடத்தில் உடைப்பு எடுத்தால், அது ஒரு கண்மாயோடு நிற்பதில்லை. பழைய குடியிருப்புகள் நத்தம் மேட்டில் இருந்தன. வெள்ளம் நஞ்சையோடு போயிற்று. ஆயக்கட்டு மனையாகி, வாய்க்கால் ஓரத்தில் வீடு எழும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. வறண்ட ஊருக்கு இன்னொரு ஆபத்து உண்டு: ஆண்டுதோறும் வெள்ளம் பார்க்கும் ஊர் அஸ்திவாரத்தை உயர்த்திக் கட்டும், பார்க்காத ஊர் கட்டாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, அது அந்த மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியைவிட அதிகம். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். தாங்கியதை அது எங்கே இறக்கும் என்பதை ஊரின் பழைய பெயரைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. வெள்ளமே வரவில்லை என்றாலும் சுவர் நனையும்: கஜாவில் ஓடும் ஷீட்டும் பறந்த வீடுகளுக்குள் மழை மேலிருந்து இறங்கியது.

இந்த வாதம் காப்பீட்டுக்கு வரும்போது இன்னும் எளிதாகிறது. அமெரிக்காவில் வெள்ளக் காப்பீடு தனிச் சரக்கு. சாதாரண வீட்டுப் பாலிசியில் வெள்ளம் சேராது என்பதால் 1968 முதல் அரசே அதற்கெனத் தனித் திட்டம் நடத்துகிறது, வாங்கினாலும் வழக்கமாக முப்பது நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். பிரிட்டனில் வெள்ள அபாயம் மிகுந்த வீடுகளுக்கும் கட்டுப்படியாகும் விலையில் பாலிசி கிடைக்க 2016 முதல் நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொது நிதியை நடத்துகின்றன. இந்தியாவில் அந்தப் பிரிவினை இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவால் 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொது வடிவப் பாலிசியில் தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிவது எல்லாம் ஒன்றாக அடங்கியிருக்கின்றன. எனவே, எங்கள் ஊரில் வெள்ளம் வராது, அதற்கு எதற்குத் தனியாகப் பணம் என்ற கேள்விக்கே இடமில்லை. தீக்கும் புயலுக்கும் எடுப்பவருக்கு வெள்ளம் கூடவே வருகிறது. காப்புத் தொகை மனையின் விலையைப் பொறுத்ததல்ல, வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவைப் பொறுத்தது. சதுர அடிக்கு 2,000 ரூபாய் ஆகும் என்று வைத்தால் 500 சதுர அடி வீட்டுக்குப் பத்து லட்சம். கட்டடத்தோடு சேர்த்து எடுத்தால் அதில் 20 சதவீதம், பத்து லட்சம் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே காப்பு கிடைக்கும். தொகையைக் குறைத்துக் காட்டிவிட்டீர்கள் என்று சொல்லி இழப்பீட்டை விகிதப்படி வெட்டும் பழைய வழக்கமும் இந்தப் பாலிசியில் கைவிடப்பட்டது. இவ்வளவுக்கும் பிரீமியம் பொதுவாக ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் என்ற அளவில்தான் இருக்கிறது. என் வாதத்துக்கு இதிலுள்ள இன்னொரு விதி முக்கியமானது: வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் இருக்கும் காலத்துக்கு மாற்று வீட்டு வாடகையும் உண்டு. சுவர் காய்வதற்கான காலத்தை விலைக்கு வாங்கித் தரும் ஒரே விதி அதுதான்.

அரசு நிவாரணம் கொடுக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. கொடுக்கிறது, அது தேவையும்கூட. ஆனால் அது எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். 2022 முதல் 2026 வரைக்குமான மத்திய வரையறையின்படி, சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய், குடிசைக்கு 8,000. பகுதிச் சேதமென்றால், குறைந்தது 15 சதவீதம் சேதமடைந்த கல்வீட்டுக்கு 6,500, மண் வீட்டுக்கு 4,000. நின்றுகொண்டிருக்கும் வீட்டில் 15 சதவீதச் சேதம் என்பது கண்ணால் பார்த்து எழுதப்படுவது. சாய்ந்த சுவர் தெரியும், பெயர்ந்த ஓடு தெரியும். நாற்பது குடம் தெரியாது. கணக்கெடுப்பு நடப்பதோ வெள்ளம் வடிந்த சில நாளில், அதாவது சுவர் மேலே வெளுத்து உள்ளே நிறைந்திருக்கும் அதே கட்டத்தில். யாரும் வேண்டுமென்று செய்யும் அநியாயம் அல்ல இது. இடிந்ததை மட்டுமே சேதம் என்று எண்ணும் அளவுகோலின் விளைவு.

அதே அளவுகோல் காப்பீட்டுக்குள்ளும் நுழைகிறது, அங்கே அது இன்னும் கூர்மையாக வெட்டுகிறது. பாலிசி பணம் கொடுப்பது குறிப்பிட்ட ஒரு நிகழ்வால் ஏற்பட்ட சேதத்துக்கு. நாள்பட்ட தேய்மானத்துக்கும், புதுக் கட்டடம் அமிழ்வதால் வரும் வெடிப்புக்கும், மோசமான வேலைக்கும் கொடுப்பதில்லை. கொள்கை அளவில் இது சரியே. இல்லையென்றால் வீட்டைப் பராமரிக்காதவரின் செலவைப் பராமரிப்பவர் கட்ட வேண்டிவரும். ஆனால் வெள்ளத்தால் வந்த உப்பும் துருவும் மெதுவாகத்தான் வெளிப்படும் என்று பார்த்தோம். ஆறு மாதம் கழித்து உதிரும் பூச்சைப் பார்க்கும் சர்வேயருக்கு அது பழைய ஓதமா, கார்த்திகை வெள்ளமா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் இயற்பியல் வீட்டுக்காரரின் சாட்சியாக வருகிறது. நின்ற வெள்ளம் எல்லா அறையிலும் ஒரே மட்டத்தில், ரசமட்டம் வைத்துக் கோடு போட்டது போல, கறை விடும். நிலத்திலிருந்து ஏறும் ஓதம் அப்படி இருக்காது. தரையருகே அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும், மேல் விளிம்பு ஏறி இறங்கி, உப்பு வளையத்தோடு இருக்கும். பல ஆண்டு மழைகளின் அடுக்கு அதில் தெரியும். கூரைக் கசிவு மேலிருந்து கீழே பரவும். இந்த மூன்றையும் பிரித்துக் காட்டும் சான்று வெள்ளம் வடிந்த முதல் சில நாளில்தான் தெளிவாக இருக்கிறது. அதைக் கழுவித் துடைப்பதற்கு முன் ஒவ்வொரு அறையிலும் நீர்மட்டத்தில் கோடு கிழித்து, தேதி எழுதி, அளவுகோல் தெரியும்படி படம் எடுத்து வைப்பது, வேறு எந்த ஆவணத்தையும்விடப் பலமானது. அதே சமயம், சேதம் பெருகாமல் தடுக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்பதும் பாலிசி விதிக்கும் கடமை. சர்வேயர் வரும் வரை சேற்றை வாராமல் காத்திருக்கச் சொல்லவில்லை. தகவலை உடனே கொடுத்து, படம் எடுத்து, பிறகு திறந்து விடுவதே ஒழுங்கு.

எடுத்தாலும் கம்பெனிக்காரன் கொடுக்கமாட்டான் என்பது டீக்கடையில் கேட்கும் தீர்ப்பு. இழுத்தடிப்புகள் நடப்பதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பார்த்தால் சிக்கல் வேறு இடத்திலும் இருப்பது தெரியும். அந்த வெள்ளத்தின் பொருளாதார இழப்பு குறைந்தது 220 கோடி டாலர் என்றும், காப்பீடு செய்யப்பட்டிருந்த இழப்பு 75 கோடி டாலர் அளவு என்றும் சுவிஸ் ரீ நிறுவனம் மதிப்பிட்டது. மூன்றில் இரண்டு பங்கு இழப்புக்குப் பாலிசியே இல்லை. கொடுப்பதா மறுப்பதா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. தொழிற்சாலையும் வாகனமும் காப்பீட்டுக்குள் இருக்கின்றன, வீடு வெளியே நிற்கிறது. மறுக்கப்பட்டவர்களுக்கு வழக்காடும் செலவு இல்லாமல் முறையிடக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம். அங்கே நிற்பதற்கும் அந்தக் கோடும் தேதியும் போட்ட படம்தான் கால். நம்பிக்கையின்மையை முழுதாக வாதாடிப் போக்க முடியாது; சான்றைக் கொண்டு குறைக்கலாம்.

கடைசியாக ஒரு மறுப்பு, எல்லாவற்றிலும் கனமானது: சில நூறு ரூபாய் பிரீமியம் என்றாலும், பட்டா சிக்கலில் இருக்கும் வீட்டுக்கும் மண் சுவருக்கும் கூரைக்கும் யார் பாலிசி கொடுப்பார்கள்? சந்தை தானாக அங்கே வராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குடியிருப்பவர் சாமான்களுக்கு மட்டுமாவது பாலிசி எடுக்கலாம் என்பது அரைப் பதில். முழுப் பதிலின் முன்மாதிரி வயலில் இருக்கிறது. 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ரபி பருவ உணவுப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்புத் தொகையில் 1.5 சதவீதம்தான், மிச்சத்தை மத்திய மாநில அரசுகள் ஏற்கின்றன. அந்தத் திட்டத்தின் மீது ஆயிரம் குறை சொன்னாலும், குளத்தூர்ப் பக்கத்து விவசாயிக்குப் பிரீமியம், கடைசித் தேதி, சிட்டா அடங்கல் என்ற சொற்களை அதுதான் பழக்கியது. பயிருக்குப் பழகிய கை வீட்டுக்குப் பழகாதா? கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்ச ரூபாய் மதிப்பில் கான்கிரீட் வீடு கட்டித் தருகிறார்கள். பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியைப் பத்தாண்டு வரை ஒரே தடவையில் எடுக்க விதி இருக்கிறது. வீடு ஒப்படைக்கும் நாளிலேயே சாவியோடு பத்தாண்டுப் பாலிசியையும் கொடுத்தால், மூன்றரை லட்சம் போட்ட முதலைக் காப்பாற்ற அரசுக்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறியது. இது புதுமையும் அல்ல. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் வருகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்வது அன்றைக்கே தனியாள் கவலையாக இல்லை, சபையின் பொறுப்பாக இருந்தது. குடிமராமத்து கரையைக் காத்தது. கரை மீறி வந்த தண்ணீரின் செலவைப் பகிர்ந்துகொள்வது அதன் மறுபாதி.

பகிர்ந்துகொள்வதற்கு முன் அளக்க வேண்டும். சுவரின் ஈரத்தை அளக்கும் கையடக்கக் கருவி அரிதான பொருள் அல்ல. நெல் மீட்டரைப் போல அதுவும் ஈரம் கூடக்கூட மின்சாரத்திடம் ஒரு பொருள் நடந்துகொள்ளும் விதம் மாறுவதைத்தான் படிக்கிறது. உப்பு ஏறிய சுவரில் அது மிகைப்படுத்திக் காட்டும். அதனால் ஒரே அளவீட்டை நம்பாமல் நனைந்த இடத்தையும் நனையாத இடத்தையும் ஒப்பிட்டு, மாதம் ஒருமுறை அளந்து, இறங்குமுகத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளக் கணக்கெடுப்புக்குப் போகும் அலுவலர் கையிலும் சர்வேயர் கையிலும் அது இருந்தால், ‘இடிந்ததா, இல்லையா’ என்ற கேள்வியோடு ‘எவ்வளவு உயரத்துக்கு, எத்தனை சதவீதம், எப்போது காயும்’ என்ற கேள்விகளும் படிவத்தில் ஏறும். பொங்கலுக்கு முன் பட்டி பார்க்கலாமா என்று கொத்தனாரிடம் கேட்கும் வீட்டுக்காரருக்கும் அதே எண் பதில் சொல்லும். ஒரு மூட்டை நெல்லில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரமிருந்தால் கொள்முதல் நிலையம் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. அந்த நெல்லை விற்று வந்த பணத்தில் கட்டிய சுவரில் நாற்பது குடம் நிற்பதை மட்டும் நாம் இன்னும் கையால் தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.